அம்மா ஏறக் கூடாத கார்

பேக்கரியில் அவளை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவன் இன்னொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போன அதே வருடம் அவள் அந்த வேலைக்கு வந்தாள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கமாட்டாள் என்று மற்ற டிரைவர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். பந்தயம் கட்டியவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள். அவள் இருந்தாள். இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட மிஞ்சாத ஆஸ்பத்திரிப் பின்சந்தில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து, ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு, அடுத்த கடைக்குக் கிளம்பிவிடுவாள். துணி துவைத்தாலும் போகாத ரொட்டி வாசனை அவள் மீது எப்போதும் இருக்கும்.

பக்கத்து சீட்டில் மகள் இருப்பாள். மூன்று வயதில் மகளுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். பஸ் அவளுக்கு ஆகாது. தெரியாதவர்களின் கை மேலே படுவதும், பிரேக் போடும்போது பஸ் விடும் அந்தப் பெரிய 'புஸ்'ஸும் அவளால் தாங்க முடியாதவை. சின்ன வயதில் ஒருமுறை ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கப் போனாள். அன்றிலிருந்து மகள் எங்கே போனாலும் வேனில்தான். முதலில் பள்ளிக்கூடம், பிறகு ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் நாற்றுப் பண்ணையில் வேலை. அங்கே அவளுக்குப் பச்சைப் பசேலென்று விரிந்த கண்ணாடிக் கொட்டகையும், வரிசை வரிசையாகத் தொட்டிகளும், தேவையில்லாமல் பேசாத ஒரு மேற்பார்வையாளரும் கிடைத்தார்கள். மாலையில் விரல் இடுக்கில் மண்ணோடு ஏறி உட்காரும் மகளைப் பார்க்கும்போதெல்லாம், எப்படியோ ஒரு கரை சேர்ந்துவிட்டோம் என்று அம்மா நினைத்துக்கொள்வாள்.

வேனில் வெளியாளை ஏற்றக் கூடாது என்பது பேக்கரியின் சட்டம். முதலாளி கண்டும் காணாமல் விட்டிருந்தார். தட்டு ஏற்றுகிறவர்கள் மகளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்திருந்தார்கள். கடைப் பலகை, வண்டி எண், சுவரொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள்.

"ரேடியோ வந்தாச்சுப்பா, இனிமே நியூஸ் பேப்பர் எதுக்கு?" என்பார்கள்.

வேன் அக்காவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவளும் சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

எப்போது என்று சொல்ல முடியாது, மகள் படிப்பது மாறிப்போனது. கடைப் பெயர்கள் நின்றன. "இடது பக்கம் சைக்கிள். இடது பக்கம் நாய். முன்னாடி ஒரு ஆள் இறங்கறார்." இப்படியே போகும். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேடியோ நிலையம் மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

மகளுக்குக் காய்ச்சல் கண்டு வீட்டில் படுத்திருந்த ஒரு நாள் வேன் அக்கா தனியாகப் போனாள். முதல் கடைக்கு முன்பே வேனின் இடது பக்கம் ஒரு தூணில் தேய்ந்தது. வருடக்கணக்காக அதே இடத்தில் நிற்கிற தூண். தூக்கக் கலக்கம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத் தெருவில் திடீரென்று ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. பிரேக்கை மிதித்தாள். வேனின் மூக்குக்குக் கையெட்டும் தூரத்தில் புத்தகப் பையோடு ஒரு குழந்தை நின்றிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. தாய் ஓடி வந்து குழந்தையை வாரிக்கொண்டு, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கத்தினாள். வேன் அக்கா தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டு, வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கண் டாக்டர் அவளை ஓர் இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அழுத்தியது கொஞ்ச தடவைதான். புள்ளிகள் கொஞ்சமாகத்தான் வந்தன என்று அவள் நினைத்தாள்.

"விழித்திரை ஓரத்துலேருந்து செத்துக்கிட்டே வருதும்மா," என்றார் டாக்டர். "நேரே பார்க்கறது தெரியும். பக்கம் தெரியாது. போகப் போக ஒரு குழாய் வழியா பார்க்கற மாதிரி ஆயிடும். அப்புறம் அதுவும்..."

"மருந்து?"

"இதுக்கு இல்லை. நீங்க வண்டி கிண்டி ஓட்டறீங்களா?"

"இல்லை சார்," என்றாள் வேன் அக்கா.

வெளியே வந்து வேனைக் கிளப்பினாள்.

அன்று முழுக்க அவள் தன் கண்ணைப் பற்றி நினைக்கவில்லை. மகளைப் பற்றித்தான் நினைத்தாள். வேன் போனால் பண்ணை போய்விடும். பண்ணை போனால் அந்தப் பெண் பழையபடி வீட்டு மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிறகு ஒரு நாள் அம்மாவுக்கு முழு இருட்டு. கண் தெரியாத தாயும் வெளியே போக முடியாத பெண்ணும் ஒரு வீட்டுக்குள். யார் யாருக்குச் சோறு போடுவது? யோசிக்க யோசிக்க ஒரே வழிதான் தெரிந்தது. மகள் வண்டி ஓட்ட வேண்டும். தனக்குப் பார்வை மிச்சம் இருக்கும்போதே ஓட்ட வேண்டும்.

தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். செருப்புக் கடை வைத்திருப்பவன், கூடப்பிறந்தவன் என்று அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

"அக்கா, உனக்கு என்ன ஆச்சு? அவ ஷூ லேஸ் கட்டி முடிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு வியாபாரம் முடிஞ்சுடும். அவ கையில ஸ்டியரிங்கைக் குடுக்கப் போறியா?"

"பதினெட்டு வயசாச்சு. பழகுனா வரும்."

"இப்ப என்ன அவசரம்?"

"அவசரம்தான்," என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

முதல் டிரைவிங் ஸ்கூலில், ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதுமே மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். இரண்டாவது இடத்தில் ஒரு பெண் இருந்தாள். வாயில் எப்போதும் ஏலக்காய் மெல்லும், குரல் கொஞ்சம் தடித்த பெண். மாணவர்கள் அவளை மாஸ்டரம்மா என்றார்கள். அவள் வேன் அக்காவை விட்டுவிட்டு நேரே மகளிடம் கேட்டாள்.

"உனக்கு ஓட்டணுமா, உங்கம்மாவுக்கு நீ ஓட்டணுமா?"

மகள் வெகுநேரம் யோசித்தாள். "ரெண்டும்," என்றாள்.

"சரி. புதன்கிழமை சாயங்காலம் வா."

கியர் இல்லாத சிறிய கார். மாஸ்டரம்மாவின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. விதிகளை மகள் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். விதி மனிதர்களோடு வரும்போதுதான் சிக்கல். நாற்சந்தியில் எதிரே இருந்தவர் பெருந்தன்மையாக "நீ போம்மா" என்று கையை ஆட்டினால் அவள் போகமாட்டாள். "அவருக்குத்தான் முதல் உரிமை. அவர் தப்பு பண்றார்," என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்பாள். பின்னால் வரிசை சேரும், ஹாரன் அலறும், அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். சாலையோரத்தில் ஒரு புறா, ஒரு காகிதம், ஒரு தள்ளுவண்டி, ஒரு லாரி, எல்லாம் அவளுக்கு ஒரே அளவு பெரியவை. எதற்கு நிற்க வேண்டும், எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"வரும்," என்றாள் மாஸ்டரம்மா. "ஆனா மெதுவாத்தான் வரும். ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம்னு வெச்சுக்கோங்க."

"அவ்வளவு நாள் இல்லைங்க."

"ஏன், ஊரை விட்டு எங்கயாவது போறீங்களா?"

வேன் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் தானே சொல்லிக்கொடுக்க இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு விடுமுறை. மொத்தச் சந்தைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் மைதானம் காலியாகக் கிடக்கும். வேனை அங்கே கொண்டுபோய் மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். கியரில்லாத காருக்குப் பழகிய கால்களுக்கு கிளட்ச் பிடிபடவில்லை. வேன் குதித்தது, நின்றது, திரும்பவும் குதித்தது.

"இது புதன்கிழமை கார் மாதிரி இல்லை," என்றாள் மகள்.

"இல்லைதான். இதையும் கத்துக்கணும்."

"மாஸ்டரம்மா ஒரு நேரத்துல ஒண்ணுதான் சொல்வாங்க. நீ மூணு சொல்றே."

"நேரம் இல்லைடி! புரியுதா உனக்கு? நேரம் இல்லை!"

கத்திய பிறகு அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. மகள் ஸ்டியரிங் மீது நெற்றியை வைத்து மெல்ல மெல்ல முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள், காத்திருந்தாள், மறுபடியும் ஓட்டச் சொன்னாள். அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறும்.

அப்படி ஒரு ஞாயிறு, மகள் மைதானத்தை நிற்காமல் சுற்றி வந்துவிட்டாள். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் அறிவு மழுங்கியது. "கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போ. ரவுண்டானா வரைக்கும் போய்த் திரும்பிடலாம்," என்றாள்.

"ரோடு வேண்டாம்."

"அம்மா இருக்கேன்ல? போ."

ரவுண்டானா வரை நன்றாகத்தான் போனார்கள். உள்ளே நுழையத் தயங்கி வேன் நின்ற நொடியில், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரனை அடித்தான். மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். கால்கள் பிரேக்கிலிருந்தும் கிளட்சிலிருந்தும் நழுவின, வேன் முன்னே பாய்ந்தது. "இடது பக்கம் சைக்கிள்! இடது பக்கம் சைக்கிள்!" என்று மகள் அலறினாள். அம்மா எட்டி ஸ்டியரிங்கைப் பற்றி இழுத்தாள். எதிரே வந்த காருக்குத் தப்பித்து, இடது பக்கம்தான் இழுத்தாள்.

சைக்கிள் தூக்கி எறியப்பட்டது. வேன் விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது.

சைக்கிளில் வந்தவர் நடுத்தர வயதுத் தையல்காரர். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. கத்தரி பிடிக்கிற கை. நடைபாதையில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். வேன் அக்காவுக்குத் தோளெலும்பு முறிந்திருந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

போலீஸ்காரர் மகளிடம்தான் முதலில் கேட்டார். பொய் சொல்வது எப்படி என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுத்தாலும் வந்திருக்காது.

"நான் பிரேக்கை விட்டுட்டேன். அது என் தப்பு. இடது பக்கம் சைக்கிள்னு சொன்னேன். அம்மா அந்தப் பக்கமே திருப்பினாங்க. அம்மாவுக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாது."

"தெரியாதுன்னா?"

"கண்ணு தெரியாது. நேரா மட்டும்தான் தெரியும். அதனாலதான் நான் சொல்லிக்கிட்டே வருவேன்."

வேன் அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தாள். தானே கண்டுபிடிப்பதற்கு முன்பே மகள் கண்டுபிடித்திருக்கிறாள். யாரிடமும் சொல்லத் தோன்றாமல், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தெருவைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

உரிமம் பறிபோனது. வழக்கு வந்தது. முதலாளி வேன் சாவியை வாங்கிக்கொண்டு, "இத்தனை நாள் யாரையும் கொல்லாம விட்டியே, அதைச் சொல்லு," என்றார். பழைய உழைப்பை நினைத்தாரோ என்னவோ, ரொட்டி அடைக்கும் கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார். தையல்காரர் வீட்டுக்குத் தம்பிதான் போய் வந்தான். அவர் மனைவி கதவையே திறக்கவில்லை.

மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போர்வையோடு போய்ப் படுத்துக்கொண்டாள். புறங்கையைக் கடித்துக் கடித்து அங்கே தோல் காய்த்துப்போனது. பண்ணையிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, பிறகு வரவில்லை. தம்பி தன் கடையை அடைத்துவிட்டு வந்து அவளைக் காரில் கூட்டிப் போகப் பார்த்தான். அவள் மேஜைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வேன் அக்கா கட்டுப் போட்ட தோளோடு தரையில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் தட்டை நீட்டுவாள். சில நாள் தட்டு காலியாகத் திரும்பும். சில நாள் அப்படியே திரும்பும்.

ஒரு நாள் அவள் தம்பியிடம் சொன்னாள், "ரெண்டு பேரும் இல்லாமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதுடா."

அன்றிலிருந்து அவன் கடையை மூடியதும் நேரே அங்கே வந்து கூடத்தில் பாயைப் போட ஆரம்பித்தான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. குறட்டை மட்டும் வீடு இடிகிற மாதிரி விட்டான்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் மகள் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். வண்டி ஓட்டும்போது போடும் தட்டையான ஷூவைப் போட்டு, லேஸைக் கட்டி, வாசல் கேட்டில் போய் நின்றாள். வகுப்பு நேரம் முடியும்வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி மேஜைக்கு அடியில் போய்விட்டாள். வகுப்பை அம்மா எப்போதோ ரத்து செய்திருந்தாள். அதை மகளிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த புதனும் நின்றாள். மழை பெய்தது, நனைந்துகொண்டே நின்றாள்.

"உள்ள வாடி. வகுப்பு இல்லை. இனிமே வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்று வேன் அக்கா கேட்டில் நின்று அழுதாள். மகள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே மாஸ்டரம்மாவைக் கூப்பிட்டது தம்பிதான். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். எதிர்முனையில் ஏலக்காய் கடிபடும் சத்தம் கேட்டது.

"வர்றேன். ஆனா அந்தம்மா கார்ல ஏறக் கூடாது," என்றாள்.

அடுத்த புதன் கார் வந்து நின்றபோது, மகள் இத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்தாள். அதுவும் அம்மாவைப் பார்த்துத்தான்.

"அம்மா வர வேண்டாம்."

ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. கார் போன திசையைப் பார்த்தபடி வேன் அக்கா நின்றாள். பெற்ற நாளிலிருந்து அந்தப் பெண் அவளில்லாமல் எதிலும் ஏறியதில்லை.

மாஸ்டரம்மா சொன்னபடி மெதுவாகத்தான் வந்தது. ஒரே தெரு, பல வாரங்கள். பிறகு பக்கத்துத் தெரு. ஹாரன் கேட்டால் கையை எடுக்காமல், "ஹாரன். அது சத்தம். சத்தம் இடிக்காது," என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினாள். முதல் தேர்வில், தேர்வாளர் போகச் சொல்லிக் கை காட்டிய பிறகும் நகராமல் நின்று தோற்றாள். தோற்ற நாள் மறுபடியும் மேஜைக்கு அடியில் போனாள். இரண்டாவது தேர்வில் தேர்வாளர் போட்டிருந்த சென்ட் வாசனை தாங்காமல் நடுவிலேயே இறங்கிவிட்டாள். மூன்றாவதில் தேறினாள். அப்போது பத்தொன்பது முடியச் சில வாரங்களே இருந்தன. அதற்குள் வேன் அக்காவின் குழாய் நன்றாகவே குறுகியிருந்தது. மகள் நீட்டிய உரிம அட்டையில் முதலில் ஒரு காதுதான் தெரிந்தது. அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முகத்தைக் கண்டுபிடித்தாள்.

தம்பி தன் பழைய காரைக் கொடுத்தான். பண்ணையில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் காலை வேன் அக்கா வேலைக்கான நீல மேலுடுப்போடு தயாராக நின்றாள். பேக்கரி பண்ணைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. முன்கதவைத் தடவித் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"நீ ஏறாதே," என்றாள் மகள்.

"ஏன்டி?"

"நீ பயப்படறே. மூச்சை இழுக்கறே. உன் பயம் எனக்கு ஹாரனைவிடச் சத்தமா கேக்குது."

"நான் மூச்சே விடாம உட்கார்ந்திருக்கேன்."

"அதுவும் கேக்கும்."

அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வேன் அக்கா காலை எடுத்துக்கொண்டாள். கார் தெருமுனையில் நின்று, இண்டிகேட்டர் போட்டு, நிதானமாகத் திரும்பியது. சத்தத்தை வைத்துத்தான் அதைத் தெரிந்துகொண்டாள்.

இப்போது அவள் வெள்ளைக் கோலோடு பஸ்ஸில் போகிறாள். இத்தனை வருடம் ஓட்டிய தெருக்களில் முன்னால் போகிறவர்களின் தோளைப் பிடித்து ஏறுகிறாள், இறங்குகிறாள். கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டு, "பார்த்து வரக் கூடாதா?" என்பார்கள். பக்கத்தில் ஏதாவது சிறிய கார் உரசிக்கொண்டு போனால், அது மகளாக இருக்குமோ என்று சத்தம் போன பக்கம் திரும்புவாள். யாரைக் கேட்பது?

"போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடேன்," என்று மகளிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"சேர்ந்ததை எதுக்குச் சொல்லணும்? சேராட்டிதானே சொல்லணும்?"

ரொட்டி அடைக்கும் கூடத்தில், சூடு ஆறாத ரொட்டியைக் கையால் தடவிப் பார்த்து உறைக்குள் தள்ளி, வாயைத் திருகிக் கட்டும் வேலை அவளுக்கு. கண் அவ்வளவாகத் தேவையில்லை. எதிரே நின்று அடைக்கிற பெண் தினமும் காலையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்.

"என்னக்கா, பொண்ணு போய்ச் சேர்ந்துட்டாளா?"

"தெரியலைம்மா," என்கிறாள் வேன் அக்கா. "இதுவரைக்கும் போன் வரலை."

மேலுடுப்புப் பையிலிருக்கும் போன் அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, சாயங்காலம் வரை அடுத்த ரொட்டி, அடுத்த ரொட்டி என்று அடைத்துக்கொண்டே இருக்கிறாள்.